சுவிட்சைப் போட்டேன், எரியல

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. குழாயில தண்ணி வந்தா பிடிச்சு வைக்கணும்.

இதுக்குப் படிப்பு வேண்டாம். பலம் வேண்டாம். முழிச்சிருந்தா போதும்.

நான் முழிச்சுத்தான் இருந்தேன். முழிச்சிருக்கேன்ங்கிறது எனக்குத் தெரியல, அவ்வளவுதான்.

முதல்ல இருந்து சொல்லிடுதேன். இல்லைன்னா என்னைப் பத்தித் தப்பா நெனைப்பீங்க. சொன்ன பிறகும் நெனைப்பீங்க. ஆனா விவரம் தெரிஞ்சு நெனைப்பீங்க.

கோவில்பட்டியில எங்க தெருவுக்கு நல்லதண்ணி வாரம் பத்து நாளைக்கு ஒருக்க வரும். எந்த நேரத்துல வரும்னு திறந்து விடுற ஆளுக்கே தெரியாது. தெருவுல எல்லா வீட்டுலயும் குழாயோட மோட்டாரைச் சேத்து வச்சிருக்காங்க. யாரும் வெளிய சொல்லிக்கிடுறதில்ல. எங்க வீட்டுல மட்டும் கிடையாது. "சட்டப்படி தப்பு"ன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லிட்டார். அதனால மத்தவங்க மோட்டார் உறிஞ்சினது போக மிச்சம் எங்க குழாயில நூலு மாதிரி வரும். சட்டப்படி வரும்.

மத்த வேலைக்குப் போர்த்தண்ணி இருக்கு. உப்புன்னா அப்படி ஒரு உப்பு. குளிச்சா சோப்பு நுரைக்காது. சமைச்சா பருப்பு வேகாது. குக்கர் கத்திக் கத்தி ஓஞ்சு போகும், பருப்பு அசையாது.

இந்தப் பருப்பு விஷயத்துல எனக்கு ஒரு பழைய காயம் இருக்கு.

என் மக சுதா கல்யாணத்துல மண்டபத்துலயும் இதே உப்புத்தண்ணிதான். பந்தியில மாப்பிள்ளையோட அம்மா உக்காந்திருந்தாங்க. பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்து ஊர்க்காரங்க. கத்திப் பேச மாட்டாங்க. மெதுவாத்தான் பேசுவாங்க. அதுதான் பயம்.

சம்பந்தியம்மா இலையில இருந்து ஒரே ஒரு பருப்பை ரெண்டு விரலால எடுத்தாங்க. டியூப் லைட்டுக்கு நேரா பிடிச்சுப் பாத்தாங்க.

"ஏன் மதினி, இது சாம்பாருல போடுததா, கொலுசுக்குள்ள போடுததா?"

பந்தியே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். வேற என்ன செய்ய? வீட்டுக்கு வந்துதான் வாயை மூடினேன்.

இப்ப சுதாவுக்குப் பிள்ளை பிறந்து, எங்க வீட்டுல இருந்து தேறி, அவளையும் பேரனையும் கூட்டிட்டுப் போக சம்பந்தி வீட்டுல இருந்து வேன் பிடிச்சு வர்றாங்க. வந்தவங்களுக்கு இலை போடணும். இலை போட்டா சாம்பார் ஊத்தணும். சாம்பார்னா பருப்பு. பருப்புன்னா நல்லதண்ணி.

நாள் குறிச்ச அன்னைக்கே எனக்குக் கனவு ஆரம்பிச்சிட்டு.

தினமும் ஒரே கனவு. சம்பந்தியம்மா முன்னால இலை. நான் சாம்பார் ஊத்துதேன். பருப்பு ஒவ்வொண்ணா உருண்டு, இலையைத் தாண்டி, தரையில ஓடுது. கொலுசுச் சத்தத்தோட ஓடுது. நான் பின்னாலேயே குனிஞ்சு பொறுக்குதேன். பந்தி சிரிக்குது.

அலறி எந்திரிப்பேன். பேரன் அலறுவான். எங்க வீட்டுக்காரர் எந்திரிச்சு உக்காந்து, "ஏட்டி, ராத்திரியெல்லாம் பருப்பு பொறுக்குனா பகல்ல கூலி கேளு"ம்பார்.

சுதாதான் ஒரு வழி சொன்னா. பிள்ளைக்குப் பால் குடுக்கிற நேரமெல்லாம் அவ கையில போன் இருக்கும். அதுல ஒரு பையனோட வீடியோவைக் காட்டினா.

"இதுக்கு லூசிட் ட்ரீம்னு பேரும்மா. கனவுக்குள்ள இருக்கும்போதே இது கனவுன்னு கண்டுபிடிச்சிரணும். கண்டுபிடிச்சிட்டா பயம் போயிரும். அதுக்கப்புறம் நீ நெனைச்சதெல்லாம் நடக்கும்."

"பருப்பு வேகுமா?"

"நீ நெனைச்சா வேகும்."

"சம்பந்தியம்மா?"

"அவங்களையும் நீ என்ன வேணா சொல்லிக்கிடலாம். உன் கனவு, உன் இஷ்டம். அவங்க காதுக்குப் போகாது."

இந்த ஒரு வரிதான் என்னைக் கெடுத்துது.

கண்டுபிடிக்கிறதுக்கு அந்தப் பையன் மூணு சோதனை சொன்னான். ஒண்ணு, லைட் சுவிட்சைப் போட்டுப் பாக்கணும். கனவுல எரியாது. ரெண்டு, எதையாவது படிச்சிட்டு, கண்ணைத் திருப்பிட்டு, மறுபடியும் படிக்கணும். கனவுல எழுத்து மாறிரும். மூணு, மூக்கையும் வாயையும் மூடிட்டு மூச்சை இழுத்துப் பாக்கணும். நெசத்துல மூச்சு வராது, கனவுல வரும்.

இதைப் பகல்லயும் அடிக்கடி செஞ்சு பழகணுமாம். அப்பத்தான் கனவுலயும் தானாச் செய்வோமாம்.

கனவை எழுதி வைக்கணும்னு வேற சொன்னான். எட்டாம் வகுப்போட நின்ன ஆளு நான். எழுத்து வேலை சரிப்படாது. அதனால காலையில காப்பி குடுக்கும்போது எங்க வீட்டுக்காரர்கிட்ட முழுசாச் சொல்லிருவேன். மூணாம் நாள்ல இருந்து அவர் காப்பி குடிக்கக் கடைக்குப் போயிட்டார்.

நான் விடல. பழகினேன். போன வீட்டுலெல்லாம் பேசிக்கிட்டே சுவிட்சைப் போட்டு அணைச்சேன். ஒரு வீட்டுல அது கிரைண்டர் சுவிட்ச். மாவாட்டிக்கிட்டிருந்த அந்தம்மா என்னை ஒரு மாதிரியாப் பாத்தாங்க. மூக்குச் சோதனைதான் எனக்கு ஒத்து வரல. பிடிச்சாலே மூக்குத்தி உள்ளுக்குள்ள குத்தும்.

அப்புறம் ஒருநாள் கயத்தாறுக்குப் போக நானும் சுதாவும் பஸ் ஸ்டாண்டுல நின்னோம். பஸ் நெத்தியில ஊர்ப் பேரைப் படிச்சேன். கண்ணைத் திருப்பினேன். மறுபடியும் படிச்சேன். வேற ஊர்! மறுபடியும் பாத்தேன். இங்கிலீஷ்!

எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு. கனவுக்குள்ள வந்துட்டேன்!

ஏறி உக்காந்து கண்டக்டர்கிட்ட, "டிக்கெட் எடுக்க மாட்டேன். நீ நெசமான ஆளே கிடையாது"ன்னுட்டேன்.

"நான் நெசந்தான் யக்கா. செக்கிங் வந்தா அவியளும் நெசந்தான்"ன்னார் அவர்.

சுதா டிக்கெட்டை எடுத்துட்டு என் கையைப் பிடிச்சு உக்கார வச்சா. "அம்மா, அது லைட்டு போர்டு. அது மாறிக்கிட்டேதான் இருக்கும். ஒரு சோதனையை வச்சு முடிவு பண்ணாத. ரெண்டாவது தேறணும். சரியா?"

சரின்னுட்டேன். ரெண்டு தேறணும். மனசுல நல்லாப் பதிச்சுக்கிட்டேன்.

இப்ப அந்த நாளுக்கு வருவோம். சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றதுக்கு முந்தின நாள்.

தொட்டி காலி. தண்ணி வந்து நாளாச்சு. "இன்னைக்கு எப்படியும் வந்துரும்"னு தெருவுல பேச்சு. பேரனுக்குப் போட்டு அனுப்ப வெள்ளிக் கொலுசு வாங்கணும். அளவு பாக்கணும்னு பிள்ளையையும் தூக்கிட்டு சுதாவும் அவ அப்பாவும் பஜாருக்குக் கிளம்பிட்டாங்க.

எங்க வீட்டுக்காரர் குழாயில ஹோஸை மாட்டி, மறு நுனியை வாசல்ல இருக்கிற தொட்டிக்குள்ள விட்டார். குழாயைத் திறந்தே வச்சார்.

"ஏட்டி, தண்ணி வந்தா தானா உள்ள விழுந்துரும். ஹோஸ் நழுவாம மட்டும் பாத்துக்கோ. தூங்கிராத."

"நாளைக்குப் பருப்பு வேகணும்னு எனக்கு இல்லாத கவலையா உங்களுக்கு?"ன்னு கேட்டேன்.

நல்லாக் கவனிங்க. ஹோஸ் தொட்டிக்குள்ளதான் கிடந்துச்சு. நான் கும்பகர்ணன் மாதிரி தூங்கியிருந்தாலும் தொட்டி நெறஞ்சிருக்கும். நான் செத்தே கிடந்திருந்தாலும் நெறஞ்சிருக்கும். இந்த வேலையைக் கெடுக்கணும்னா ஒருத்தர் எந்திரிச்சு வந்து, மெனக்கெட்டுக் கெடுக்கணும்.

நான் எந்திரிச்சு வந்தேன்.

மத்தியானத் தூக்கத்துலதான் இந்தக் கனவு நல்லாப் பிடிபடும்னு அந்தப் பையன் சொல்லியிருந்தான். ஒரு கண்ணை மூடிட்டு ஒரு காதைத் திறந்து வைப்போம்னு கூடத்துல ஃபேனுக்குக் கீழ தலையைச் சாய்ச்சேன். கழுத்தெல்லாம் வேர்த்து முழிச்சேன். வாசல்ல ஒரே இரைச்சல். போய்ப் பாத்தா தண்ணி!

நூலு இல்ல. எங்க குழாயில தண்ணி இவ்வளவு பருமனா வந்து நான் பாத்ததே கிடையாது. ஹோஸ் அவுத்துவிட்ட கன்னுக்குட்டி மாதிரி துள்ளுது. தொட்டிக்குள்ள அருவி விழுற மாதிரி சத்தம்.

எனக்கு உடனே சந்தேகம் வந்துட்டு. இது நம்ம குழாய் இல்லையே!

நான் பழகினவ. பதறல. உள்ள போய் லைட் சுவிட்சைப் போட்டேன்.

எரியல.

ஃபேனைப் பாத்தேன். சுத்தல.

நாப்பத்தெட்டு வருஷமா கரண்ட் போற ஊர்ல குடியிருக்கேன். கரண்ட் போயிருக்குமோன்னு ஒரு நினைப்பு வந்துச்சா? வரல. வீடியோவுல அந்தப் பையன் கரண்ட் போறதைப் பத்தி ஒண்ணுமே சொல்லல. அவன் ஊர்ல போகாது போல.

ஆனாலும் அவசரப்படக் கூடாது, ரெண்டு தேறணும். சுவத்துல கிழிக்கிற காலண்டர். கண்ணாடி இல்லாமலே தேதியைப் படிச்சேன். ஒண்ணு. கண்ணைத் திருப்பிட்டு மறுபடியும் படிச்சேன். ஏழு.

முடிஞ்சுது. மூக்கைப் பிடிக்கலாமான்னு யோசிச்சேன். மூக்குத்தி குத்துமேன்னு விட்டுட்டேன். மூணுல ரெண்டு போதும். பள்ளிக்கூடத்துலயும் நான் இப்படித்தான் கணக்குப் போட்டேன். அதனாலதான் எட்டாம் வகுப்போட வீட்டுல இருக்கேன்.

சுவிட்சைப் போட்டது போட்டபடி இருக்க, வாசலுக்கு வந்தேன். மனசு அப்படி லேசா இருந்துச்சு. கவலையே இல்ல. கல்யாணம் ஆன நாள்ல இருந்து கவலை இல்லாம நான் நின்னது அதுதான் முதல் தடவை.

அப்பத்தான் பக்கத்து வீட்டு ராஜேஸ்வரி கையில ஒரு குடத்தோட வந்தா. அவளும் நானும் பேசி ரெண்டு வருஷம் ஆச்சு. அவ வீட்டு மோட்டாரைப் பத்தி நான் தெருவுல சத்தமாச் சொல்லிட்டேன்னு கோவம். என் நிழல் விழுந்தாக்கூட தாண்டித்தான் போவா. அவ வந்து தலையைக் குனிஞ்சு நிக்கிறா!

"யக்கா... எங்க குழாய் மேட்டுல இருக்குல்லா, சொட்டுக்கூட வரல. ஒரு குடம் பிடிச்சிக்கிடட்டா?"

யக்காவா? இதைவிடப் பெரிய சாட்சி வேணுமா?

தொட்டிக்குள்ள இருந்த ஹோஸை எடுத்து அவ கையில குடுத்தேன். "ஒரு குடம் என்னத்துக்குட்டி? அண்டாவைக் கொண்டா. டிரம்மைக் கொண்டா."

அவ ஹோஸைப் பிடிச்சபடி என்னை மேலயும் கீழயும் பாத்தா. "யக்கா, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கென்ன? தெருவையே கூப்பிடு."

அவ கூப்பிட்டா. தெருவே வந்துது. குடமும் வாளியுமா எங்க வாசல்ல வரிசை. நான் ஹோஸைத் திருப்பி வாங்கி, தொட்டி மூடி மேல நின்னுக்கிட்டு ஊத்தினேன். எல்லாரையும் பாத்துச் சிரிச்சேன்.

"மோட்டார் போட்டுத்தான எல்லாரும் இத்தனை நாளா எங்க தண்ணிய உறிஞ்சுனிய? பரவாயில்ல, பிடிங்க."

எல்லாரும் குனிஞ்சு குடத்தை நீட்டினாங்க. ஒரு அம்மா மட்டும் பக்கத்துல நின்னவங்க காதுல, "சம்பந்தி வருதாவன்னு கவலைல்லா. மண்டைக்கு ஏறிட்டு, பாவம்"னு சொன்னது கேட்டுச்சு.

எல்லாரும் பிடிச்சு முடிச்சாச்சு. இனி என் இஷ்டம். அந்த வீடியோவுல எல்லாரும் பறக்கிறாங்க. கடல் தாண்டிப் போறாங்க. எனக்குப் பறக்கிற ஆசையெல்லாம் கிடையாது. எனக்கு இருந்த ஆசை ஒண்ணே ஒண்ணுதான். தண்ணி வீணாகுதேன்னு நெனைக்காம ஒரு தடவை குளிக்கணும்.

துவைக்கிற கல்லுல உக்காந்து, சேலையோட, ஹோஸை உச்சந்தலையில வச்சுக்கிட்டேன். எவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன்னு தெரியல. யாரும் என்னை வையல. பில்லு வரல. அப்படியொரு சுகம்!

பிறகு வாசலைக் கழுவினேன். வேப்பமரத்தைக் கழுவினேன். ராஜேஸ்வரி வீட்டு ஸ்கூட்டியைக் கழுவினேன். ஒரு தெருநாய் வந்து நின்னுச்சு. அதையும் கழுவினேன். அது ஒண்ணும் சொல்லல.

எதுக்கும் பறந்து பாப்போமேன்னு தொட்டி மூடியில இருந்து ஒரு குதி குதிச்சேன். முழங்கால் சுளீர்னு வலிச்சுது. கனவுல எப்படி வலிக்கும்னு ஒரு சின்ன சந்தேகம். மூட்டுவலி அங்கயும் கூட வரும்போலன்னு விட்டுட்டேன்.

அந்த நேரத்துல வாசல்ல ஒரு ஆட்டோ வந்து நின்னுது.

கையில ஒரு சாக்குப்பையோட சம்பந்தியம்மா இறங்கினாங்க.

வர வேண்டியது மறுநாள். வேன்ல. குடும்பத்தோட. இவங்க இன்னைக்கு, ஆட்டோவுல, தனியா! எனக்கு இருந்த கொஞ்ச நஞ்ச சந்தேகமும் போயிட்டு. நம்ம வழக்கமான கனவுதான். ஆள் வந்தாச்சு, இனி பருப்பு வரும்.

ஆனா இந்தத் தடவை நான் பயப்பட மாட்டேன்.

"பேரனைப் பாக்காம இருப்புக் கொள்ளல மதினி. அதான் ஒருநாள் முன்னாலயே..."ன்னு ஆரம்பிச்சாங்க.

"இருங்க மதினி"ன்னேன். இடுப்புல ஒரு கை, ஹோஸ்ல ஒரு கை. "கல்யாணப் பந்தியில பருப்பை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தியளே, நெனப்பு இருக்கா?"

"என்ன மதினி?"

"கொலுசுக்குள்ள போடுததான்னு கேட்டியளே. நல்லாக் கேட்டிய. அது எந்தத் தண்ணியில வெந்துதுன்னு கேட்டியளா? உப்புத்தண்ணி மதினி, உப்புத்தண்ணி! அதுல பருப்பு என்ன செய்யும்? நான் என்ன செய்வேன்? அன்னையிலிருந்து நான் ஒழுங்காத் தூங்கல. இந்தா பாருங்க, நல்லதண்ணின்னா எப்படி இருக்கும்னு!"

ஹோஸை அவங்க மேல திருப்பினேன்.

பதட்டப்படல. தலையில ஆரம்பிச்சு, தோள், முதுகு, கால்னு நிதானமாத்தான் ஊத்தினேன். ஒரு இடம் விட்டுப்போகக் கூடாதேன்னு ஒரு சுத்துச் சுத்தி வந்தும் ஊத்தினேன். அவங்களும் அசையல. சாக்குப்பையை நெஞ்சோட சேத்துப் பிடிச்சு, கண்ணை மூடிட்டு நின்னாங்க. ஆட்டோக்காரர் வாடகை வாங்காமலே வண்டியை எடுத்துட்டுப் போயிட்டார்.

அப்பதான் எங்க கூடத்துல லைட் எரிஞ்சுது.

நான் போட்டு வச்ச அதே லைட். பளிச்சுன்னு எரியுது. ஃபேன் சுத்துது.

அடுத்த நொடி தெரு பூரா 'ர்ர்ர்ர்'ருன்னு ஒரு சத்தம். எல்லா வீட்டு மோட்டாரும் ஒண்ணா ஓட ஆரம்பிச்சிட்டு. என் கையில இருந்த ஹோஸ் துவண்டு தொங்குச்சு. நூலு. பிறகு சொட்டு. பிறகு அதுவும் இல்ல.

"கரண்ட் வந்துட்டு!"ன்னு ராஜேஸ்வரி கத்திக்கிட்டே அவ வீட்டுக்கு ஓடினா.

கரண்ட் இல்லாததால மோட்டார் ஓடல. மோட்டார் ஓடாததால எங்க குழாயில தண்ணி கொட்டியிருக்கு. மேட்டு வீட்டுக்கு ஏறாததால ராஜேஸ்வரி வந்திருக்கா. எல்லாமே கரண்ட். அந்த ஈரச் சேலையோட நின்ன இடத்துல எனக்கு எல்லாம் தெளிவா விளங்கிச்சு. எட்டாம் வகுப்புல இவ்வளவு தெளிவா எதுவும் விளங்கினதில்ல.

சம்பந்தியம்மா கண்ணைத் திறந்தாங்க. முகத்துல வழிஞ்ச தண்ணியை வழிச்சு விட்டாங்க. அப்புறம் மெதுவா, வழக்கம்போல மெதுவாத்தான், சொன்னாங்க.

"வந்த ஆளுக்குத் தண்ணி குடுக்கதுன்னா செம்புல குடுப்பாவ மதினி."

என் மக வாழப் போற வீடு. நாளைக்கு அவளையும் பிள்ளையையும் இவங்ககூடத்தான் அனுப்பணும். இனி அவளை அங்க என்ன பாடு படுத்துவாங்களோன்னு நெனைச்சதும், குளிச்ச குளிரெல்லாம் போயி வேர்த்துக் கொட்டுச்சு.

அந்த நேரம் பாத்து பஜாருக்குப் போனவங்களும் வந்துட்டாங்க. எங்க வீட்டுக்காரர் நனைஞ்ச சம்பந்தியைப் பாத்தார். நனைஞ்ச என்னைப் பாத்தார். நனைஞ்ச நாயைப் பாத்தார். நேராப் போய்த் தொட்டி மூடியைத் திறந்து உள்ள எட்டிப் பாத்தார்.

"தவளை நிக்குத அளவுக்குக் கெடக்கு"ன்னார்.

சுதாவுக்கு என் முகத்தைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. "அம்மா... கனவுன்னு நெனைச்சிட்டியா?"

"ரெண்டு தேறிச்சுட்டி"ன்னேன்.

அவ பிள்ளையை என் கையில குடுத்துட்டு, மாமியாரை உள்ள கூட்டிட்டுப் போய்த் துண்டு குடுத்து, என் சேலை ஒண்ணைக் கட்டக் குடுத்து, எல்லாத்தையும் சொன்னா. நான் கதவுக்கு வெளிய நின்னு கேட்டேன். வீடியோ, சுவிட்ச், தினமும் வர்ற பருப்புக் கனவு, ஒண்ணையும் விடல.

பிறகு சம்பந்தியம்மா வெளிய வந்து, என் சேலையைக் கட்டிக்கிட்டு, என் முன்னால உக்காந்தாங்க.

"அது உப்புத்தண்ணின்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா? நான் உங்களுக்குச் சமைக்கத் தெரியாதுன்னுல்லா இத்தனை நாளா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதேன்."

"ஊரெல்லாமா?"

"கொஞ்ச பேருக்குத்தான். அதை விடுங்க. மொதல்ல இந்த வத்தலைக் காயப் போடுவோம், வாங்க."

சாக்குப்பையில எங்களுக்காகக் கொண்டுவந்த மிளகாய் வத்தல். அவங்க கரிசல் காட்டுல விளைஞ்சது. எல்லாம் என் புண்ணியத்துல சொதசொதன்னு ஊறிக் கிடந்துச்சு. ரெண்டு பேரும் மாடிக்குப் போய் பாயை விரிச்சு ஒண்ணொண்ணாப் பரப்பினோம். பாதி பரப்பினதும் அவங்க தோள் குலுங்குச்சு. அழுதாங்களோன்னு பயந்துட்டேன். சிரிச்சாங்க.

"ஆட்டோக்காரன் வாடகை வாங்காமப் போயிட்டான் மதினி"ன்னாங்க.

சரி, சம்பந்தியைச் சமாளிச்சாச்சு. மறுநாள் வேன்ல வர்ற கூட்டத்தை என்ன செய்ய? தண்ணி? லாரித் தண்ணிக்குச் சொல்லலாம்னா அதுவும் உப்பு. கீழ வந்து அடுப்படியில காலிக் குடத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

வாசல்ல சத்தம். ராஜேஸ்வரி. இடுப்புல ஒரு குடம்.

"யக்கா, இந்தாங்க உங்க தண்ணி. மோட்டார்ல உறிஞ்சுனதுதான். கோவிச்சுக்கிடாதிய."

அவ பின்னால இன்னும் நாலஞ்சு பேர், ஆளுக்கொரு குடத்தோட. வரிசையா வந்து அண்டாவுல ஊத்திட்டுப் போனாங்க. எங்க வீட்டுக்காரர் பாத்துக்கிட்டே நின்னார். இது சட்டப்படி சரியான்னு அவருக்கு யோசனை.

மறுநாள் பருப்பு போட்டேன். குக்கரைத் திறந்தா, கரண்டி வைக்கிறதுக்கு முன்னாலயே குழைஞ்சு கிடக்கு!

பந்தி உக்காந்தாச்சு. முதல் இலையில சம்பந்தியம்மா. நானே சாம்பார் ஊத்தினேன். ஒண்ணும் உருளல. அவங்க பிசைஞ்சாங்க. ஒரு வாய் வச்சாங்க. பந்தியில எல்லாரும் அவங்க முகத்தையே பாத்தாங்க. பழைய விஷயம் எல்லாருக்கும் தெரியும்ல.

"மதினி"ன்னாங்க, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி. "பருப்பு வெண்ணெயா கரையுது. எங்க வீட்டுலகூட நான் இப்படி ஒரு சாம்பார் சாப்பிட்டதில்ல."

என்னால நம்ப முடியல. சம்பந்தியம்மாவா? என் சாம்பாரையா? பந்தியிலயா?

சுவிட்ச் தூரத்துல இருந்துச்சு. காலண்டர் ஆளுக்குப் பின்னால மறைஞ்சிருந்துச்சு. மிச்சம் இருந்தது ஒரு சோதனைதான். சாம்பார் வாளியைக் கீழ வச்சேன். வாயை இறுக்கி மூடினேன். மூக்குத்தி குத்தினாலும் பரவாயில்லைன்னு மூக்கை நல்லா அமுக்கிப் பிடிச்சு, கண்ணை மூடி, மூச்சை இழுத்தேன்.

வரல! நெசந்தான்!

சந்தோஷமாக் கண்ணைத் திறந்தேன். பந்தியில ஒரு கை அசையல. எல்லாரும் என் மூக்கையே பாக்குறாங்க.

சம்பந்தியம்மா கையில இருந்த உருண்டையை இலையிலேயே திருப்பி வச்சாங்க. மெதுவாக் கேட்டாங்க:

"ஏன் மதினி, ஊசிப்போச்சா?"